ஓரகத்தி வீட்டுக் கோடுபளே

நான் ஒக்கலிபுரத்தில் இருக்கிறேன். என் ஓரகத்தி சரோஜா புதுசாகப் பல்செட் கட்டிக்கொண்டு சிரித்ததிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல். எனக்கு இடது கடைவாயில் இரண்டு பல் இல்லை, மற்றதெல்லாம் சொந்தப் பல்.

கௌரி பண்டிகைக்கு அவள் முறுக்கு மாதிரி வளையம் வளையமாகக் கோடுபளே சுட்டிருந்தாள். "அக்கா, கல்லு மாதிரி இருக்கும், காபியில நனைச்சுத் தரட்டா?" என்றாள், எல்லார் முன்னாலும்.

"போடி, என்னுது கட்டுன பல்லு இல்ல" என்று நாலைந்தை வலது பக்கமே போட்டு நொறுக்கினேன்.

மறுநாள் காதோரம் குத்தியது. வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. காதுவலி என்று பூண்டு எண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் கஞ்சி குடித்தேன். அவள் பல் கட்டிய டாக்டரிடம் போக மனசு வரவில்லை. கடைசியில் அவளே ஆட்டோவில் இழுத்துப்போனாள்.

"காதுல ஒண்ணுமில்லம்மா, தாடை மூட்டு. வருஷக்கணக்கா ஒரே பக்கம் மென்னா அது தாங்குமா?" என்றார் டாக்டர். வெந்நீர் ஒத்தடம், குழைந்த சோறு என்று சில வாரம் போன பிறகு வாய் நன்றாகத் திறந்தது. இடது பக்கமும் பல் வைத்தார்.

இப்போது இரண்டு பக்கமும் நிதானமாக மெல்லுகிறேன். காதில் எண்ணெய் விடுவதில்லை. அதே டாக்டரிடம்தான் காட்டுகிறேன், சரோஜா போகும் நாளில் மட்டும் போவதில்லை. இரண்டு பேர் வாயையும் ஒன்றாகப் பார்த்தால் அவர் யாருடையதை மெச்சுவாரோ!