வயது வரம்புக்காக வாதாடிய எங்கள் அக்கா

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகிய அக்கா அவர்கள் கண்மூடி ஓராண்டு ஆகிறது. உறவினர் பலருக்கு அவர்களை மில் ஆபீஸில் டைப் அடித்தவராகவும் என்னைப் படிக்கவைத்தவராகவும் மட்டுமே தெரியும். அவர்களுக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. அதில் அவர்கள் பட்ட தனிமையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

செட்டியார்பட்டியில் பிறந்த அக்கா, அப்பா இறந்தபின் தட்டெழுத்து பயின்று இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் சேர்ந்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தம்பி ஒரு நெலைக்கு வரட்டும்" என்று தள்ளிப் போட்டார்கள். பிறகு பேச்சே வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடக நடிகர் சங்கத்தார் ஒரு மனுவை டைப் அடித்துத் தரக் கேட்டு வந்தார்கள். நலிந்த கலைஞர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு அப்போது சென்னையில்தான் நேர்காணல். அவ்வளவு தூரம் போக முடியாத முதியவர்களுக்கு உதவியும் இல்லை. நேர்காணலை மாவட்டத்திலேயே நடத்த வேண்டும் என்பதே மனு. அக்கா அடித்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பக்கத்து மாவட்டச் சங்கங்களுக்கும் எழுதி, எல்லோரையும் அதே கோரிக்கையை அனுப்ப வைத்தார்கள்.

"ஒத்த ஊரு கேட்டா சலுகைம்பாக. பத்து ஊரு கேட்டாத்தான் கொள்கைம்பாக" என்பார்கள்.

சில ஆண்டுகளில் கலைத்துறை அதிகாரிகள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்தார்கள். தேர்வுக் குழுவில் பெண் ஒருவர் வேண்டுமென்று அக்காவையே உறுப்பினராக்கினார்கள். சங்கத்தில் மாலை போட்டுக் கொண்டாடினார்கள்.

சங்கத்தில் அக்காவுக்கு உயிர்த்தோழி ஒருவர் இருந்தார். ராணி வேடம் கட்டிப் பேர் வாங்கிய குருவம்மாள். ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, குறித்த வயதை எட்டப் பல ஆண்டுகள் இருந்தன. நேரே அக்காவிடம் வந்தார்.

"ஏட்டி, வயசக் கூட்டிப் போட்டு ஒரு கையெழுத்துப் போடு. யாரு பாக்கப் போறா?"

"மாட்டேன் குருவு. வெளிய தெரிஞ்சா நேர்காணலத் திரும்ப மெட்ராசுக்கே கொண்டு போயிருவாக. ஒன் வயசக் கூட்ட மாட்டேன். வரம்பக் கொறைக்க வைக்கேன்."

"ஆம்பளைக்குக் கெழவனான பொறவும் ராசா வேசம் குடுக்காக. எனக்கு நாப்பதுலயே மேடை கெடையாதுன்னுட்டாக. நீ சட்டத்த மாத்துற வரைக்கும் நான் எதத் திங்கிறது?"

"நான் இருக்கேன்ல?"

"ஒங்கிட்ட நான் பிச்சையா கேட்டேன்?" என்று எழுந்து போனவர், பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சங்கத்திலும் அக்காவை 'சர்க்கார் ஆளு' என்று பேசத் தொடங்கினார்கள்.

குருவம்மாள் கோபத்தில் சொன்னதையே அக்கா கோரிக்கையாக எழுதினார்கள். மேடை பெண்களை முன்னதாகவே ஒதுக்கிவிடுகிறது, அதனால் அவர்களுக்கு வயது வரம்பும் குறைய வேண்டும். லீவு நாட்களில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போய், வாய்ப்பிழந்த நடிகைகளைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரையும் மனு எழுத வைத்தார்கள். சென்னை அலுவலகத்தில் ஓர் அதிகாரி, "குழுவுலயும் இருந்துக்கிட்டு எதிர்த்து மனுவும் குடுத்தா எப்படிம்மா? ஏதாவது ஒண்ணுல இருங்க" என்றார். அன்றே அக்கா குழுவிலிருந்து விலகினார்கள். சங்கம் ஏற்கெனவே கைவிட்டிருந்தது. நானும் வேலை கிடைத்து மதுரைக்குப் போய்விட்டேன். விடுமுறையில் வரும்போது பார்ப்பேன்: அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள்.

தொண்ணூறுகளில் பெண் கலைஞர்களுக்கான வரம்பு தளர்ந்தது. உதவித்தொகை ஆணை வழங்கும் விழாவுக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் அதிகாரிகளுக்கு நன்றி சொன்னார்கள், பிரமுகர்களுக்கு நன்றி சொன்னார்கள். அக்காவின் பெயர் வரவில்லை. அதை அவர்கள் பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை. ஆணையை வாங்கிக்கொண்டு இறங்கிய குருவம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்களைக் கடந்து போனார், திரும்பவில்லை. இராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்கா, "வாங்கிட்டாள்ல, போதும்" என்றார்கள்.

சிறுநீரகம் பழுதாகி மதுரையில் மருத்துவமனையில் கிடந்த நாட்களில், கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். என்னைத் தேடுவதாக என் மனைவி நினைத்தாள். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்.

அக்காவைக் கண்போல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த ஆலைத் தோழர்களுக்கும், இறுதிக் காரியங்களில் கூட நின்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போனபிறகு குருவம்மாள் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அன்னிக்கு அவ கையெழுத்துப் போட்டிருந்தா எனக்கு மட்டும் கெடச்சிருக்கும் தம்பி. மத்தவளுகளுக்குக் கெடச்சிருக்காது. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் பேசல. பொறவு எந்த மொகத்த வச்சிக்கிட்டு வாரது?"

உள்ளே அழைத்துப் போய், அக்காவின் படத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் பேசத் தொடங்கிய சத்தம் கேட்டது. பொழுது சாயும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.