என் கிட்டாரில் சென்னைக்காரனின் டிஸ்கோ

அந்தப் பாட்டை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அதைப் பாடியவன் ஒரு ரொக் பாடகன், இளவயதில் நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியவன். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்த மனிதன், நடுவில் சோல், டிஸ்கோ என்று இறங்கி, மினுங்குகிற சட்டை போட்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி அதைப் பாடிவிட்டான். உலகமே அதற்கு ஆடியது. எனக்கோ பச்சைத் துரோகமாகப் பட்டது. சரி, எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரன் என்னவாவது செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். சென்னைக்காரன் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தான்.

அவன் போன மாரியில் எங்கள் மாதா கோயில் பங்குக்கு வந்து சேர்ந்தவன். ஐடி வேலை, சுருட்டை முடி, எல்லாரிடமும் சிரிப்பு. ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோயிலின் கீழ்மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். என் பேஸ் கிட்டார் சுவரோடு சாய்ந்திருந்தது. கிழமை நாட்களில் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நான், சனிக்கிழமைகளில் எங்கள் கலியாண இசைக்குழுவின் பேஸ்காரன். மொன்றியலில் கலியாணம் கட்டிய தமிழரில் பாதிப்பேர் என் வாசிப்புக்கு, எங்கள் இலங்கைத் துள்ளாட்டமான பைலா ஆடியவர்கள்தான். பைலா தொடங்கினால் சனம் களைத்து உட்காரும்வரை நிறுத்தக் கூடாது என்பது குழுவின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான். கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

“அண்ணா, ஒரு நிமிஷம் வாசிச்சுப் பாக்கட்டுமா? என்னோடது ஊர்லயே இருக்கு,” என்றான் சென்னைக்காரன்.

கொடுத்தேன். அவன் வாசித்தது அந்தப் பாட்டின் பேஸை. என் கிட்டார், என் கம்பிகள், ஆனால் அந்தச் சத்தம் என்னிடம் ஒருநாளும் வந்ததில்லை. தட்டில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவியின் கை அப்படியே நின்றது.

“தம்பி, என்ன பாட்டு இது?” என்று கேட்டாள். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. என் வாசிப்பைப் பற்றி அவள் கடைசியாகச் சொன்னது, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ என்பதுதான்.

அதன்பிறகு வீட்டில் அந்தப் பாட்டுத்தான். மீன் பொரிக்கும்போதும் போனில் அது, உடுப்பு மடிக்கும்போதும் அது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “இதை நானும் வாசிப்பன்,” என்றேன். “ஓம், வாசிப்பியள்,” என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

பிறகு எங்கள் டிரம்ஸ்காரரின் பெறாமகளுக்கு, அவருடைய அண்ணன் மகளுக்கு, கலியாணம் வந்தது. மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரப் பெடியன். அவனுடைய தாய் இளவயதில் அந்தப் பாட்டுக்கு ஆடியவளாம். பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்குத்தான் ஆடிக்கொண்டு மண்டபத்துக்குள் வரவேண்டும் என்று அந்தத் தாய் ஒற்றைக்காலில் நின்றாள்.

டிரம்ஸ்காரர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். “அண்ணை, குறை நினையாதேங்கோ. அதை மட்டும் அந்தத் தம்பி வாசிக்கட்டும். மற்றதெல்லாம் நீங்கள்தானே?”

“அதுக்கென்ன, வாசிக்கட்டும்,” என்றேன். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

மொன்றியலின் வடக்கே, அஹுன்ட்சிக்கில் ஒரு மண்டபம். சென்னைக்காரன் என் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றான், நான் கீழே மேசையில் கைகட்டிக்கொண்டு இருந்தேன். பாட்டு தொடங்கியது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடிக்கொண்டு வந்தார்கள், சனம் எழுந்தது. மனைவி என் தோளைத் தட்டினாள்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்குத்தான் உங்கட கை சும்மா இருக்கு. வாங்கோ, ஒருக்கா ஆடுவம்.”

அவள் சொன்னது உண்மை. இத்தனை வருடமும் நான் மேடையில், அவள் கீழே, ஆடுகிற பெண்களின் கைப்பைகளுக்குக் காவல். ஆனால் அந்த நேரம் அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. என் கண் முழுக்க அவனுடைய விரல்களில்.

“நீர் இரும், நான் இதைப் பார்க்கவேணும்,” என்றேன். ஒரு கம்பியாவது அறாதா என்று மனம் கிடந்து துடித்தது. என் கம்பிதான், அறுந்தாலும் பரவாயில்லை.

கம்பி அறவில்லை. ஆனால் நான் கேட்டது வேறு வழியில் நடந்தது. பின்வரிசையில் இருந்த மன்னார்ச் சொந்தக்காரர் சிலர் பைலா கேட்டு விசிலடிக்க, டிரம்ஸ்காரரின் கை தன்பாட்டில் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. நாலு நாலாக நேராக நடந்துகொண்டிருந்த டிஸ்கோ, ஆறாகத் துள்ளத் தொடங்கியது. சுத்தப் பைலா. இசைத்தட்டில் இருந்ததை அச்சுப் பிசகாமல் பாடமாக்கி வந்த சென்னைக்காரன் தடுமாறி நின்றான். என் நெஞ்சு குளிர்ந்தது.

அவனோ சிரிக்கிறான். வெட்கமே இல்லாமல் மைக்கில் கூப்பிடுகிறான்: “அண்ணா, இது உங்க ஏரியா! வாங்க, வாங்க!”

கிட்டத்தட்டப் பாய்ந்து ஏறினேன். அவன் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றி மாட்டிக்கொண்டேன். அந்த ரொக் பாடகன் கேட்டிருந்தால் அழுதிருப்பான், அவனுடைய டிஸ்கோவை அப்படிப் பைலாவாகப் போட்டு அடித்தேன். மண்டபம் கிளம்பிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினாள். “அண்ணை, விடாதேங்கோ!” என்று கத்தினார்கள். இப்போது பார்க்கட்டும் என் மனைவி என்று, எங்கள் மேசைப் பக்கம் திரும்பினேன்.

கைப்பைகள் மட்டும் இருந்தன.

அவள் நடு மண்டபத்தில் நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். எதிரே, கை இரண்டும் சும்மாவாகிவிட்ட சென்னைக்காரன், பைலாவுக்கு டப்பாங்குத்து ஆடிக்கொண்டிருந்தான். அவள் சிரித்த சிரிப்பை நான் கலியாணம் கட்டிய புதிதில் பார்த்திருக்கிறேன். மேடையைப் பார்த்து ஒருமுறை கையைக் காட்டினாள், பிறகு அவன் பக்கம் திரும்பிவிட்டாள்.

நிறுத்துவம் என்று டிரம்ஸ்காரருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “சனம் இன்னும் களைக்கேல்லை அண்ணை, உங்கட சட்டந்தானே!” என்றார்.

நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் களைக்கிற பாடாக இல்லை.