நாலாவது பாட்டில் வராத குரல்

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், காலி கண்டெய்னர்களைக் கழுவிப் பழுது பார்த்து அனுப்பும் ஒரு யார்டில்தான் எனக்கு வேலை. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவ்வளவுதான்: நான். வெல்டிங் வேலை பார்க்கிறவர், எங்களுக்கெல்லாம் மாமு. கண்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறவர். பெட்டிகளுக்குள் பெருக்கும் அக்கா. பெட்டி ஏற்றிப் போக வந்திருந்த தூத்துக்குடிக்கார டிரெய்லர் டிரைவர். அப்புறம் சூப்பர்வைசர். வாட்ச்மேன் லீவு என்பதால் கேட்டிலும் அவரே உட்கார்ந்திருந்தார். ஆக ஆறு பேர். இந்த ஆறு பேரை அதற்கப்புறம் நான் மனசுக்குள் எத்தனையோ தடவை எண்ணிவிட்டேன். எண்ண வேண்டிய நேரத்தில் யாரும் எண்ணவில்லை.

யார்டில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதில் போட்டிருக்கும் மெமரி கார்டில் மற்றதெல்லாம் கெட்டுப் போய், ஒரே ஒரு ஆல்பம்தான் பாடும். பழைய படம் ஒன்றின் எட்டுப் பாட்டு. காலையில் போட்டால் சாயங்காலம் வரை அதுவே திரும்பத் திரும்ப ஓடும். முதல் மாசம் காது புளித்தது. பிறகு, யாரும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளாமலே எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. பாடுகிறவர் எங்கே மூச்சு இழுப்பார், எங்கே தபேலா நின்று வயலின் எழும், எல்லாம் அத்துப்படி. வேலையே பாட்டுக் கணக்குதான். "மூணாவது பாட்டுக்குள்ள இந்தக் கதவ முட்ச்சிடணும்" என்பார் மாமு. முடித்தும் விடுவார்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எதற்கெடுத்தாலும் பயம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ஆள். அடுத்து என்ன வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அந்த எட்டுப் பாட்டுதான். அதனால் எனக்கு அது சலிக்கவே இல்லை. ஒருமுறை விஷ வாயு கசிகிறது என்று கத்தி எல்லோரையும் கேட்டுக்கு வெளியே ஓட வைத்தேன். கடைசியில் பார்த்தால், அக்கா பையில் இருந்த கருவாடு. அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே, "இன்னாபா, இன்னிக்கும் கருவாடா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அக்கா காசிமேட்டுக்காரர். நாலாவது பாட்டில் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு ஹம்மிங் வரும். அந்த இடம் வந்தால் எந்தப் பெட்டிக்குள் இருந்தாலும் அக்கா சேர்ந்து பாடுவார். இரும்புப் பெட்டி அந்தக் குரலைப் பெரிதாக்கி யார்டு முழுக்கத் தள்ளும்.

"கச்சேரி பலமா கீதுமே" என்பார் மாமு.

"துட்ட வச்சுட்டுக் கேளு" என்று பெட்டிக்குள்ளிருந்து பதில் வரும்.

அக்காவிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பெருக்கப் போகும்போது செருப்பைப் பெட்டி வாசலில் கழற்றி விடுவார். பலகைத் தரையில் கறை படக் கூடாது என்பதற்காக ஆரம்பித்த பழக்கம். நாளாவட்டத்தில் எங்களுக்கு அதுவே அடையாளம் ஆகிவிட்டது. வாசலில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இல்லையென்றால் பெட்டி காலி.

அன்றைக்குப் போக வேண்டிய பெட்டிக்குக் காலையில்தான் நான் கதவு விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கிற ரப்பரைப் புதிதாக மாற்றியிருந்தேன். உள்ளே கோடியில் ஏதோ கண்ணாடிப் புட்டி உடைந்து தூள் கிடந்திருக்கிறது. அதனால் அக்கா செருப்போடு உள்ளே போயிருக்கிறார். மூலையில் குத்துக்காலிட்டுச் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தவரை, வெயிலில் நின்று பார்க்கிற கண்ணுக்குத் தெரியவில்லை. துறைமுக வரிசையில் இடம் போய்விடும் என்ற அவசரத்தில் இருந்த டிரைவர், மூடலாமா என்று கேட்டிருக்கிறார். மாமு வாசலைப் பார்த்திருக்கிறார். செருப்பு இல்லை. மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பெட்டி டிரெய்லரில் ஏறி, பேப்பருக்காகக் கேட் பக்கம் போய் நின்றது. இதெல்லாம் பிறகு ஆளாளுக்குச் சொன்னதை வைத்துக் கூட்டிப் பார்த்தது.

நான் வேறொரு பெட்டிக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது பாட்டு வந்தது. ஹம்மிங்கும் வந்தது, ஸ்பீக்கரிலிருந்து மட்டும். எனக்குப் படியில் கால் வைத்து, படி இல்லாமல் போன மாதிரி இருந்தது.

"மாமு, அக்கா எங்க?"

"பாத்ரூம் போயிருக்கும்."

"பாடலயே."

"தொண்ட கட்டியிருக்கும். உனுக்கு டெய்லி எதுனா ஒரு பேஜாரு வோணும். வேலயப் பாருபா."

வேலையைத்தான் பார்த்தேன், கொஞ்ச நேரம். மறுபடி சிரிப்பார்களே என்ற வெட்கம். ஆனால் கை ஓடவில்லை. போய்ப் பார்த்தேன். பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது. அக்காவின் சாப்பாட்டுப் பை ஆணியில் தொங்கியது. போன் அதற்குள்ளேயே இருந்தது. பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கேட்டில் டிரெய்லர் உறுமியது.

ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"பெட்டியத் தொறங்க."

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்னலே, வெயில்ல கிறுக்குப் புடிச்சிட்டா? தள்ளு அங்கிட்டு."

"அக்காவக் காணோம் சார்" என்றேன் சூப்பர்வைசரிடம்.

"டீ வாங்கப் போயிருக்கும்யா. வண்டிய வுடு."

"கேட்ல நீங்கதான உக்காந்துனுகீறீங்க. போனத நீங்க பாத்தீங்களா?"

அவர் எழுந்து ரோட்டை எட்டிப் பார்த்தார். மாமு கிண்டலடித்துக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். அவரே போய்க் கம்பியைத் தூக்கிக் கதவைத் திறந்தார்.

இட்லிப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி ஓர் ஆவி அடித்தது. கதவை ஒட்டி அக்கா உட்கார்ந்திருந்தார். சேலை முழுக்கத் தொப்பல். கையில் ரத்தம், கதவைத் தட்டித் தட்டிக் கிழிந்தது. எந்நேரமும் இரும்புச் சத்தம் கேட்கிற யார்டில் யாருக்கு அது கேட்கும்? கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போனேன். பாடிக்கொண்டிருந்தார். குரல் என்று சொல்ல முடியாது, காற்றுதான். எட்டாவது பாட்டு.

எனக்குப் பின்னால் ஸ்பீக்கரில் ஐந்தாவது பாட்டே இன்னும் முடியவில்லை.

டிரைவர் தன் தண்ணீர் கேனைக் கொண்டுவந்து அக்கா தலையில் அப்படியே கவிழ்த்தார். நிழலுக்குத் தூக்கி வந்தோம். பெட்டி அடுக்கும் வண்டியை ஓட்டுகிறவர் ஆட்டோவுக்குப் போன் செய்தார். மாமு கீழே உட்கார்ந்துவிட்டார். வெல்டிங் பொறி பட்டாலும் சிணுங்காத மனுஷன், பீடியைப் பற்ற வைக்கப் பார்க்கிறார், தீக்குச்சி ஒவ்வொன்றாக உடைகிறது.

கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனதும் அக்கா கேட்டார்: "யாரு மூட்னது?"

டிரைவர்தான் முன்னால் வந்து, "நான்தான்க்கா" என்றார்.

"எந்த ஊர்லப்பா எறக்கி வுட்டிருப்ப என்னிய?"

அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றார்.

ஆட்டோ வருவதற்குள் அக்கா என் கையைப் பிடித்து விட்டு விட்டுச் சொன்னார். கதவு மூடும்போது முதல் பாட்டு ஆரம்பித்தது காதில் விழுந்ததாம். அப்புறம் வெளிச் சத்தம் எதுவும் இல்லை. புது ரப்பர். நான் இழுத்து இழுத்துப் பொருத்திய ரப்பர். பயத்தை அடக்க, வெளியே ஓடுகிற பாட்டோடு சேர்ந்து பாடுவதாக நினைத்து உள்ளே பாட ஆரம்பித்திருக்கிறார்.

"நாலாவது பாட்டுல என் குரல் இல்லன்னா எப்டியும் தேடுவீங்கன்னு நம்பிகினு இருந்தேன். நாலாவதும் பாடி முட்ச்சேன். ஒருத்தரும் வர்ல. சரி, மறந்துட்டாங்கோன்னு வுட்டுட்டேன். எட்டாவது முடிஞ்சா அவ்ளோதான்னு நெனச்சிகினேன்."

இருட்டுக்குள் வயலின் ஏது, தபேலா ஏது? வாத்தியம் வருகிற இடங்களையெல்லாம் விட்டுவிட்டு, பயத்தில் வரிகளை மட்டும் வேக வேகமாகப் பாடியிருக்கிறார். அவர் நாலாவதை முடித்து எங்களைக் கைகழுவியபோது, வெளியே எங்களுக்கு இரண்டாவதோ மூன்றாவதோதான் ஓடியிருக்கும். மாமு அப்போது தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நானும் சந்தோஷமாக முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். அதுவரை ஸ்பீக்கரை யாரும் தொடவில்லை. "இன்னா, எழவு வூடு மாதிரி கீது" என்று அவரேதான் போட்டார். இப்போதெல்லாம் ஒரு பெட்டியை மூடுவதற்கு முன் டார்ச்சோடு கோடி வரை நடந்து போய்ப் பார்க்கிறோம். கருவாடு கிண்டல் நின்றபாடில்லை. ஆனால் நான் எதையாவது கேட்டால் மாமு கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து வருகிறார்.

ஒருவர் எனக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தால், இன்னும் நேரம் இருக்கிறது என்று இப்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. வெளியே நிற்கிற எனக்கு மூன்றாவது பாட்டு ஓடும்போதே, உள்ளே இருக்கிறவருக்கு நாலாவது முடிந்து என் மேலிருந்த நம்பிக்கையும் போயிருக்கலாம்.