நடைபாதைக்குக் கீழே

தஞ்சாவூர்ப் புறநகரில் பேருந்து டயர் வெடித்து நிற்கிறது. எதிரே ஒரு புதுப் பூங்கா. காலையிலிருந்து வழியில் நான் பார்க்கும் நான்காவது பூங்கா இது. மற்ற மூன்றும் பூட்டிக் கிடந்தன. இதில் பெஞ்சுகள் பதினொன்று, ஊஞ்சல்கள் நான்கு, வந்திருப்பவன் நான் ஒருவன். சிமெண்ட் நடைபாதையை நடந்தே அளந்துவிட்டேன்: இருநூற்றுப் பன்னிரண்டு காலடி.

மதிலுக்கு அப்பால் வயலில் ஒருவர் மண்வெட்டியோடு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். அவர் நட்ட சம்பாப் பயிரின் நுனிகூட வெளியே தெரியவில்லை.

"மழை விட்டு மூணு நாளாச்சே, இன்னுமா வடியல?" என்று கேட்கிறேன்.

"எங்கங்க வடியும்? இப்ப நடந்தீங்களே, அதுக்கு அடியிலதான் வடிகால் இருந்துச்சு."

"பார்க்குக்கு இடம் அளக்க வந்தவங்க அதைப் பாக்கலையா?"

"வைகாசியில வந்தாங்க. வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி கெடையாது. சும்மா கெடக்குற பள்ளந்தானே, பார்க் வந்தா உங்க புள்ளைங்களும் வெளையாடும்னாங்க. ஆட்சேபணை இல்லன்னு மொத கையெழுத்துப் போட்ட புத்திசாலி நாந்தாங்க."

பயிர் எத்தனை நாள் தாங்கும் என்கிறேன்.

"இன்னிக்குள்ள வடிஞ்சா பொழைக்கும்" என்று சொல்லி மதிலைப் பார்க்கிறார்.

தண்ணீர் வெளியேற மதிலில் ஓர் ஓட்டை உண்டா என்று இருமுறை பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை.

மணி நான்கு. பூங்காப் பணியாளர் வருகிறார். அவரிடம் சொல்லலாம் என்று நான் நெருங்குவதற்குள், புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சக் குழாயைத் திறந்துவிடுகிறார்.