தட்டைவடைப் பையில் ஊசி குத்தித் தந்த ராஜன் தம்பி

மூத்த பேரன் ஆரூரன் என்ஜினியர் படிப்பை முடித்து வேலையும் எடுத்துவிட்டான். சின்னவன் கவின் பள்ளிக்கூட கிரிக்கெட் டீமுக்கு கேப்டன். பேத்தி நிலானி ஏர்ஃபோர்ஸ் உடுப்போடு பெரிய சாமான் விமானத்தில் இன்று டோங்காவுக்குப் பறக்கிறாள்...

நேற்றுக் காலை இவ்வளவும் எழுதிவிட்டு, இங்கே போஸ்ட் பண்ணப் போன நேரம் போன் அடித்தது.

ராஜன் தம்பி போய்விட்டார்.

குப்பைத் தொட்டியை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனவராம். டிரைவ்வேயிலேயே விழுந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் மனைவி தேவிதான் சொன்னாள். நான் "எந்த ராஜன்?" என்று கேட்டேன். திரும்பவும் கேட்டேன். பாவம், அவளும் திரும்பவும் சொன்னாள்.

முந்தின நாள் பின்னேரம் எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டுக் குசினியில் நின்று தேத்தண்ணி குடித்த மனிதன். அந்தக் கோப்பையை நான் இன்னும் கழுவக்கூட இல்லை...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராஜன் எங்கள் பக்கத்து வீடு. மலேசியத் தமிழர். இளமையில் அங்கே ராணுவ விமானத்தில் சாமான் ஏற்றி இறக்கிப் பறந்தவர். எனக்குத் தம்பி மாதிரி. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நான் யாழ்ப்பாணத்தில் விமானச் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் ஓடினவள். பேத்திக்கு அதற்குள்ளேயே வேலை என்றதும் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ராஜன் தம்பிக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. வேலி அருகே நின்று விமானத்துச் சாப்பாட்டுக் கதையாகச் சொல்லத் தொடங்கினார்.

"மேல போய் ஒருத்தன் சம்பல் பாட்டில திறந்தான் பாருங்கக்கா... கேப்டன் முதுகெல்லாம் செவப்பு. பின்னால இருந்தவன் குண்டு பட்டுடுச்சுன்னு கத்திட்டான் லா!"

குண்டு என்ற சொல்லைக் கேட்டு நான் சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

நிலானிக்கு முதன்முதல் தட்டைவடை கட்டிக் கொடுத்தேன். உடையாமல் இருக்க, பைக்குள் நல்லாகக் காற்றை விட்டு, வாயை மெழுகுதிரியில் காட்டி ஒட்டினேன். வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும்போது நாங்கள் எல்லாரும் செய்கிறதுதானே.

பறக்கும்போது எடுத்த படத்தை அவள் இறங்கியதும் அனுப்பினாள். பை தலையணை மாதிரி ஊதிக் கிடக்கிறது!

நான் பதறிப்போய் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "பிள்ளை, பழுதாப்போச்சு! தின்னாதை, எறி! மற்ற ஆக்களுக்கும் குடுத்துப்போடாதை!"

ஒரு விமானம் நிறைய ஆட்களுக்கு வயிற்றால் போகப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து அழுதே விட்டேன்.

ராஜன் தம்பி படத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கெட்டுப் போகலக்கா. மேல போனா வெளிய காத்தோட அழுத்தம் கொறஞ்சிரும், உள்ள இருக்கற காத்து விரியும். நீங்க பலகாரம் கட்டல, பலூன் கட்டியிருக்கீங்க."

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அது விளங்கியது. ஆனால் நல்ல வடை எல்லாம் அதற்குள் குப்பைக்குப் போய்விட்டது.

அடுத்த தரம் மாங்காய் ஊறுகாய். போத்தலை இறுக்கி மூடிக் கொடுத்தேன். மேலே வைத்துத் திறந்தாளாம்... எண்ணெய் முழுக்க அவளுடைய பெரிய ஆபீசரின் சட்டைக் கையில்.

"அம்மம்மா, ப்ளீஸ். நோ மோர் ஃபூட்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவளோடு இங்கிலீஷில் எனக்குக் கதைக்க வராது. நான் அவளுக்குக் கொடுக்கிறது என்று வேறு என்ன இருக்கிறது?

ராஜன் தம்பிதான் அவளுக்குப் போன் போட்டார். "மா, அக்காவுக்கு ஒரு சான்ஸ் குடு. இந்த வாட்டி ஒன்னு வெடிச்சாலும் அங்கிள் மீசைய எடுத்துடறேன்."

அவள் சிரித்து, "ஓகே, லாஸ்ட் சான்ஸ்" என்றாள்.

அதற்காகத்தான் முந்தாநாள் வந்தார். வடையை பேப்பர் டவலில் சுற்றினார். பையை அமுக்கிக் காற்றை எடுத்தார். மேல் மூலையில் ஊசியால் குத்தினார். ஊறுகாய்ப் போத்தலைக் கையில் எடுத்தேன்... ஒரு பார்வை பார்த்தார். திரும்ப வைத்துவிட்டேன்.

முதலில் மா குழைக்கும்போதே சொல்லியிருந்தார், "மேல நாக்கு மந்தமாயிடும்கா. உப்பு, உறைப்பு ஒன்னும் சரியா தெரியாது. மிளகாத்தூள அள்ளிப் போடுங்க." போட்டேன். சுட்டதும் ருசி பார்த்தவருக்குக் கண்ணால் தண்ணி வந்தது. "கரெக்ட்" என்றார்.

இன்னொரு வடையும் எடுத்துக்கொண்டு போனார். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

நேற்று மத்தியானம் நிலானி டோங்காவில் இறங்கிப் போன் எடுத்தாள். நான் வாய் திறக்க முன்னமே கத்துகிறாள். "அம்மம்மா! ஒண்டும் வெடிக்கேல்லை! எல்லாம் முடிஞ்சுது! ராஜன் அங்கிளிட்ட சொல்லுங்கோ!"

அவள் இவ்வளவு தமிழ் ஒன்றாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

"ஓம் பிள்ளை, சொல்லுறன்" என்றேன். என் வாய் அப்படித்தான் சொன்னது.

பிறகு அவளுடைய அம்மா, என் மகள், போனை வாங்கி ராஜன் தம்பி போன செய்தியைச் சொன்னாள். மற்றப் பக்கம் யாரோ தூரத்தில் பெட்டி இறக்குகிற சத்தம் மட்டும்...

பிறகு நிலானி கேட்டாள். "அங்கிளுக்கு அனுப்ப வெறும் பையை ஒரு ஃபோட்டோ எடுத்தனான், அம்மம்மா. நான் இப்ப என்ன செய்ய?"

இரவு முழுக்க யோசித்தேன்.

ராஜன் தம்பி, போய் வாருங்கள். தேவியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

நிலானி, அந்தப் படத்தை இங்கே, இந்தப் போஸ்டுக்குக் கீழே போடு பிள்ளை.