இரண்டாவது சாட்சி

பங்குனி கடைசியில், வடக்கே திரும்பும் பறவைகளைப் பதிவு செய்பவர் ஒருவரோடு நிலாவெளிக்கு எதிரேயுள்ள தீவுக்குப் போயிருந்தேன். வெயிலில் கறுத்த, மெலிந்த மனிதர். இருவர் கண்ட பறவையை மட்டுமே கொப்பியில் எழுதுவார். அவருடைய கூட்டாளி போன வருடம் கடலில் மூழ்கி இறந்திருந்தார். ஆனாலும் பக்கத்து வெறும் பாறையிடம், "கண்டனியோடா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்துதான் எழுதினார்.

நான் பயப்படவில்லை; ஆனாலும் கண்ணை இறுக மூடிப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

"உள்ளான் கூட்டமொண்டு போச்சுது. கண்டனீங்களோ தம்பி?" கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஓம் ஐயா, வடிவாக் கண்டனான்."

எழுதப் போனவர் பாறைப் பக்கம் காது கொடுத்தார். பேனையை மூடினார்.

"கண்ணை மூடிக்கொண்டு இருந்தனீங்களாம்."

அவர் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பியிருக்கவில்லை.