மேற்கே ஒரு சிவப்புப் புள்ளி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன், மற்ற நேரமெல்லாம் குறுங்கோளும் வால்நட்சத்திரமும் தேடுகிறேன், நான் கண்டுபிடித்த குறுங்கோள்கள் சில இப்போதும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் ஒன்றைக்கூட நம்பிக்கையை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை, அளந்துதான் கண்டுபிடித்தேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சந்தேகப்பட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

ஓமந்தூர் போகிற வழியில் எங்கள் மல்லாட்டைக் கொல்லையிலேயே, அதாவது வேர்க்கடலை போடுகிற நிலத்திலேயே வீடு, மாடியில் தொலைநோக்கி. பொழுது சாய்ந்ததும் சூரியன் இறங்கிய பக்கத்தைப் பெரிய தொலைநோக்கிகள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை, அவை விட்டுவைத்த அந்த ஓரத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது கிடைக்கும். எங்கள் கெட்ட நேரம், அதே மேற்கில்தான் பக்கத்துக் கொல்லை ஏழுமலையின் மோட்டார் கொட்டகை, அதன் சுவரில் உயரத்தில் காட்டுப்பன்றிக்காக எரிகிற பெரிய பல்பு. சுவிட்சு உள்ளே, கொட்டகை பூட்டியிருக்கும். என் வீட்டுக்காரர் நல்ல உயரம். வரப்பில் நடந்து போய், சூடு தாங்காது என்று தோள் துண்டால் பிடித்துப் பல்பைக் கொஞ்சம் திருகித் தளர்த்திவிட்டு, டார்ச்சை ஒருமுறை உயர்த்திக் காட்டுவார். என் கண் கூசக்கூடாதென்று அதற்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருப்பார். சிவப்பு தெரிந்தால் நான் ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம், முடித்ததும் அவரே போய் மறுபடி எரியவிட்டு வருவார்.

ஒருமுறை ஒரு வால்நட்சத்திரம் எங்கள் கைக்கு வந்து நழுவியது. ஒரு மாலை மட்டும் பார்த்தால் அது செல்லாது, இன்னொரு மாலையும் படமெடுத்து அது நகர்ந்திருப்பதைக் காட்ட வேண்டும். மறுநாள் மேகம். அதற்குப் பிறகு அது சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது, அதை யாருமே மறுபடி பார்க்கவில்லை. நான் மாடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"வுடு, இன்னொண்ணு வராமயா பூடும்?" என்றார் அவர். "அப்ப வெளக்க நான் பாத்துக்கறேன், நீ மேலருந்து கண்ண எடுக்காத."

இன்னொன்று வந்தது, ஆனால் அதற்குள் நெஞ்சு வலியில் அவர் போய்விட்டார். எங்கள் வழக்கப்படி சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்தோம், இருட்டினால் டார்ச் இல்லாமல் எங்கும் போகமாட்டார் என்பதால் அதை என் கையாலேயே அவர் பக்கத்தில் வைத்தேன். அதன்பிறகு சொன்னால் ஏழுமலையே விளக்கை அணைத்துத் தருவார்.

புதிதாக வந்ததை முதல் மாலை படமெடுத்துவிட்டேன். இரண்டாம் மாலை ஏழுமலை அவர் அம்மாவை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார், சாவி அவரிடம், போன் போகவில்லை. வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது, பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கணினித் திரையில் மேற்கு முழுக்க வெளுத்துப் போயிருந்தது. நான் நடந்து போய்த் திரும்புவதற்குள் அது இறங்கிவிடும், போனாலும் பல்பு எனக்கு எட்டாது. இதையும் விட்டால் அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

"வெளக்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நம்பினால் நம்புங்கள், பல்பு அணைந்தது. கரண்ட் போயிருக்கும் என்பீர்கள், மற்ற கொட்டகைகளில் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது, என் கணினியும் ஓடியது. நான் கீழே பார்க்கவில்லை. கண்ணை எடுக்காதே என்று சொல்லியிருந்தாரே, அதனால் திரையையே பார்த்துக்கொண்டு, அந்த வால்நட்சத்திரம் பனை உச்சிக்கு இறங்கும்வரை படமெடுத்தேன்.

காலையில் ஏழுமலை வந்தார். "அண்ணி, பூட்னது பூட்னபடியே கீது, சுவிட்சும் போட்டபடியேதான் இருந்திச்சி. பல்பு மட்டும் லூசா கீது, நம்ம அண்ணன் திருவி வுடுவாரே அதே மாதிரி. யார்னா வந்தாங்களா?" என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன்.

வால்நட்சத்திரம் உறுதியானது. கண்டுபிடித்தவரின் கடைசிப் பெயரை வைப்பது வழக்கம், என் பெயருக்குப் பின்னால் அவர் பெயர் இருப்பதால் அது அவர் பெயரிலேயே போகிறது. அதில் எனக்கு நிறைவுதான். ஆனால் அன்று எடுத்த கடைசிப் படத்தை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பிக்கொண்டே படமெடுக்கும். அதனால் நட்சத்திரங்கள் புள்ளியாக விழும், தரையில் இருப்பது எதுவானாலும் கோடாக இழுபட்டுவிடும். அந்தப் படத்தில் பனை ஓலைகளுக்கு நடுவே சிவப்பாக ஒன்று தெரிகிறது. முதலில் பார்த்தபோது, கொல்லையில் நின்று டார்ச் காட்டியிருக்கிறார் என்று நினைத்து அழுதேன், ஒளிக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு தொழில் புத்தி, பெரிதாக்கி அளந்தேன். அந்த இடத்தில் எந்த நட்சத்திரமும் கிடையாது. ஓலைகள் எல்லாம் கோடாக இழுபட்டிருக்கின்றன, அந்தச் சிவப்பு மட்டும் இழுபடவில்லை, நட்சத்திரங்களோடு சேர்ந்து புள்ளியாக நிற்கிறது.